கேட் பாஸ்

“இன்னாய்யா, இன்னிக்கும் வண்டி எடுக்கலியா?”

பாயில் புரண்ட நெல்சன் கண்ணைத் திறக்கவில்லை. “ஹார்பர் கேட்ல கியூ நிக்குது. லோடு இல்ல.”

வாரம் முழுக்க இதே பாட்டு. டிரெய்லர் ஓட்டுகிறவன் இப்படிப் படுத்தே கிடந்தால் வீட்டில் உலை கொதிக்குமா? ரேச்சலுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சோம்பேறி மனுஷன்!

கோபத்தில் மாத்திரை அட்டையைத் தூக்கி எறிந்தாள். காரணமே இல்லாமல் அழுது தீர்த்தவளுக்கு டாக்டர் எழுதிக் கொடுத்தது. “ரெண்டு வாரமா முழுங்குறேன். ஒண்ணும் ஆவல. வுட்டுடப் போறேன்.”

நெல்சன் சட்டென்று எழுந்து உட்கார்ந்தான். “டாக்டர் இன்னா சொன்னாரு? மூளைக்கும் ஒரு கேட் கீது. ரத்தத்துல வர்றதெல்லாம் உள்ள பூந்துட முடியாது. இந்த மாத்திரைக்குப் பாஸ் கீது. உள்ள பூந்து, மனசைத் தெம்பா வெச்சிக்கிற சரக்கு சீக்கிரம் காலியாவாம பாத்துக்கும். ஆனா பலன் தெரிய நாலஞ்சு வாரம் ஆவும்மே. நடுவுல வுடாத.”

“தெருவுக்குத் தெரிஞ்சா? மெண்டல் டீச்சராண்ட எவ புள்ளைய டியூஷன் அனுப்புவா?”

“தெரியாது. முழுங்கு.”

முழுங்கினாள். அவன் டீக்கடைப் பக்கம் போனதும் எதிர்வீட்டு ரமாபாய் வந்து வாசலில் நின்றாள்.

“ரேச்சலு, மெடிக்கல்ல உன் வூட்டுக்காரு மண்டைக்கு மாத்திரை வாங்கிகினு இருந்தாராமே?”

ரேச்சல் மாத்திரை அட்டையைப் பாய்க்கடியில் தள்ளினாள். போச்சு, எல்லாம் போச்சு.

“யாருக்குன்னு எங்க வூட்டுக்காரு கேட்டதுக்கு, ‘எனக்குத்தான்’னாராம். அது ஓனர் காதுக்குப் பூட்ச்சி. மெண்டலுக்கு வண்டி குடுக்க மாட்டேன்னு சாவியப் புடுங்கிட்டாராம். நீ இன்னா பண்ணுவ, பாவம்! எம் பொண்ணை எப்பவும்போல டியூஷனுக்கு அனுப்புறேன், கவலைப்படாத.”

படுபாவி மனுஷன்! ஒரு வார்த்தை சொல்லவில்லையே. அவனைச் சோம்பேறி என்று நினைத்த நினைப்பு நெஞ்சை அறுத்தது.

ரேச்சல் கண்ணைத் துடைத்துக்கொண்டு செருப்பை மாட்டினாள்.

“எங்கம்மா கெளம்பிட்ட?”

“ஓனரைப் பாக்கக்கா.”

“போ, கால்ல வுழுந்தாவது கேளு. மனசு எறங்குவாரு.”

“கெஞ்சப் போவலக்கா. அந்த மாத்திரை என்னுது.”