அத்தி பழுத்த பக்கம்

"வழி தெரியாமத்தான் சுத்துறோமா? உண்மையைச் சொல்லுங்க."

முழங்கால் சேற்றில் நின்றபடி அன்னலீசா கேட்டாள். முன்னால் போன வழிகாட்டி குனிஹிரா திரும்பவில்லை. முகக்கவசத்தை மூக்குக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டு, நாணலை விலக்கி நடந்தாள்.

அழிந்த காட்டை மறுபடி வளர்ப்பது எப்படி என்று படிக்க, டென்மார்க்கிலிருந்து மேற்கு உகாண்டாவுக்கு வந்த மாணவர்கள் அன்னலீசாவும் மற்றவர்களும். நட்டு வளர்த்த காட்டுக்குச் சிம்பன்சிகள் திரும்பிவிட்டனவா என்று கண்ணால் பார்த்து எழுதவேண்டும். நாளை ஊருக்குக் கிளம்புகிறார்கள். இன்னும் ஒரு சிம்பன்சியின் முதுகைக்கூடப் பார்க்கவில்லை.

சிம்பன்சிகளைத் தேடிக் கண்டுபிடிப்பதில் குனிஹிராவை மிஞ்ச ஆளில்லை என்று சொல்லித்தான் ஆராய்ச்சி நிலையத்தில் அவளைக் கூட அனுப்பியிருந்தார்கள். அவளோ இந்த வாரம் முழுக்கக் காலை இழுத்து இழுத்து நடந்தாள். அடிக்கடி மரத்தில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள்.

"நட்ட காட்டுல அத்தி பழுத்திருக்காமே. அங்க போலாமே?" என்றாள் அன்னலீசா.

"வேண்டாம். யானை நிக்குது."

பேராசிரியர் மொகன்ஸுக்குப் பொறுமை போய்விட்டது.

"இங்க பாருங்கம்மா. வந்த அன்னைக்கே என் பசங்களை வரிசையா நிக்கவெச்சு விசாரிச்சேன், யாருக்காவது சளி, இருமல் இருக்கான்னு. நமக்கு அது வெறும் தும்மல், சிம்பன்சிக்கு உயிரே போயிடும். ஒருத்தருக்கும் ஒண்ணுமில்ல. நாங்க எங்க பக்கம் சரியாத்தான் இருந்தோம். நீங்க உங்க வேலையைச் செய்யலையே!"

"மன்னிச்சுக்கோங்க" என்றாள் குனிஹிரா. குரல் கம்மியிருந்தது.

சாயங்காலம் நிலையத்து மேலாளர் அவளைக் கூப்பிட்டுப் பேசினார். அதிக நேரம் ஆகவில்லை. வெளியே வந்தவள் சமையற்கட்டுக்குப் பின்னால் கிடந்த அடிமரத்தில் தனியாக உட்கார்ந்தாள். தட்டில் கேழ்வரகுக் களி ஆறிப்போய்க் கிடந்தது.

நாற்றுப்பண்ணையில் வேலை பார்க்கும் ருஹ்வேஸா தயங்கித் தயங்கி வந்தான். அவளை அவன் எப்போதும் மரியாதையாக 'அபூலி' என்றுதான் கூப்பிடுவான்.

"அபூலி, இனிமே வர்றவங்களை என்னைக் கூட்டிட்டுப் போகச் சொல்லிட்டாரு. சத்தியமா நான் கேக்கல."

"தெரியும். நல்லாப் பாத்துக்கோ."

அவனுக்கு மனசு ஆறவில்லை.

"யானையாவது ஒண்ணாவது! வாரம் முழுக்க நான் அங்கதான் நாத்து நட்டுட்டு இருந்தேன். அத்தி மரத்துல கூட்டமே உக்காந்து தின்னுட்டு இருக்கு. புதுசாப் பொறந்த குட்டிகூட இருக்கு. உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா அந்தப் புள்ளைங்களைச் சேத்துல அலையவிட்டீங்க?"

அவள் காட்டுப் பக்கம் பார்த்தாள். "போன மழைக்கு ஒரு குட்டியைப் புதைச்சோமே. மூச்சு விட முடியாம, அதோட அம்மா மடியிலயே துடிச்சுச்சு."

ருஹ்வேஸாவுக்கு மெல்லப் புரிந்தது.

"அப்போ அந்தப் பசங்கள்ல யாருக்கோ சளி. மறைச்சிட்டாங்க, இல்ல? சொல்லியிருக்கலாமே, அபூலி! அந்த ஆளை மட்டும் நிறுத்தியிருப்பாங்க. அவனுக்கென்ன, விமானம் ஏறிப் போயிடுவான். நம்ம ஆளுங்களுக்குத்தான் திண்டாட்டம். போன வருஷம் சமையல்காரரைச் சளின்னு வீட்டுக்கு அனுப்பினவங்க, திரும்பக் கூப்பிடவே இல்ல. எவனுக்காகவோ நீங்க ஏன் கெட்ட பேரு வாங்கணும்? வாங்க, மேலாளர்கிட்ட நான் சொல்றேன்."

ஆதரவாக அவள் பக்கத்தில் உட்காரப் போனான். குனிஹிரா சட்டென்று எழுந்து விலகினாள்.

"கிட்ட வராத. சளி எனக்குத்தான்."