மிக்ஸி மாமா

“பத்தாச்சு. ஆரம்பிச்சுட்டார் பாருங்க!”

கீழ் வீட்டு மிக்ஸி ‘டுர்ர்ர்ர்’ என்று உறுமியது. செருப்பை மாட்டிக்கொண்டிருந்த என் கணவர் சிரித்தார்.

“ஏதாவது அரைப்பார், விடு.”

“தினம் பத்து மணிக்கா? கரெக்டா என் மீட்டிங் நேரத்துலயா? அரைச்ச மாவையே அரைக்கிறாரா?”

“அது உன் மேனேஜர் வேலையாச்சே!” என்றபடி வகுப்புக்கு ஓடிவிட்டார்.

இந்த ஊர் பாஷையை அவர் படித்தால்தான் எங்கள் விசா நிலைக்கும். கம்ப்யூட்டர் வழியாக நான் பார்க்கும் வேலை போனால் எதுவுமே நிலைக்காது. சொந்த ஊரில் என் ஒரு சம்பளத்தில் வாடகையைக் கொடுத்துவிட்டால், மிச்சத்துக்குக் காற்றைத்தான் குடிக்க வேண்டும். இங்கே அதே சம்பளத்தில் மூன்று பேரும் ராஜா வீட்டுக் கன்றுக்குட்டி மாதிரி இருக்கிறோம்.

ஆனால் மேனேஜர் கறாராகச் சொல்லிவிட்டார். “இன்னொரு தடவை மீட்டிங்ல வீட்டுச் சத்தம் கேட்டுச்சுன்னா, ஆபீசுக்கே திரும்பி வந்துடுங்க.”

அன்றிலிருந்து ஒன்பதே முக்காலுக்கே குக்கர், போன் எல்லாவற்றின் வாயையும் கட்டிவிடுவேன்.

என் ஏழு மாதப் பெண் மட்டும் தங்கம். முதலில் அப்பா கிளம்பினால் ஊரைக் கூட்டுவாள். இப்போதெல்லாம் மீட்டிங் ஆரம்பித்ததுமே தூங்கிவிடுகிறாள். “வளர்ப்பு அப்படி!” என்று அம்மாவிடம் போனில் அளந்துவிட்டேன்.

கீழ் வீட்டு மாமா ரிட்டயர்டு பஸ் டிரைவர். குடிவந்த அன்றைக்கு மாடிப்படியில் தமிழ் காதில் விழுந்ததும் துள்ளிக் குதித்தோம்.

“அங்கே என் பென்ஷன் பாதி மாசத்துலயே மூச்சு வாங்கும். இங்கே கடைசி ஸ்டாப் வரைக்கும் ஓடுதும்மா,” என்றார். “நான் அடுப்பே பத்த வெக்கறதில்ல. மூலைக்கடை சாப்பாடுதான்.”

அடுப்பே பற்றவைக்காதவருக்கு மிக்ஸி எதற்கு? குழந்தை அழுகிற வீடு தலைக்கு மேலே வந்துவிட்டதே என்ற வீம்பு! வேறென்ன?

நேரில் போய்ச் சண்டை போட எனக்குப் பயம். கான்வென்ட்டில் படித்ததற்கு ஒரே பிரயோஜனம், இங்கிலீஷில் லெட்டர் எழுத வரும். ஆரம்பமும் முடிவும் மிஸ் சொல்லிக்கொடுத்தபடி. நடுவில் மிக்ஸியால் நானும் பேபியும் படுகிற பாடு, நறுக்கென்று நாலு வரி. கதவிடுக்கில் தள்ளிவிட்டுத் திருடி மாதிரி மாடிக்கு ஓடிவந்தேன்.

மறுநாள் பத்து மணிக்கு மிக்ஸி ஓடியது. மத்தியானமும் ஓடியது. சாயங்காலமும்!

“பார்த்தீங்களா திமிரை? ஒண்ணு மூணாயிடுச்சு!”

“நீ என்னதான் எழுதினே?”

“மரியாதையாத்தான் எழுதினேன்.”

“அதான் தப்பாப் போச்சு.”

வியாழக்கிழமை. மணி பத்து. மிக்ஸி ஓடவில்லை!

ஜெயித்துவிட்டேன்! சுழல் நாற்காலியில் ஒரு சுற்றுச் சுற்றினேன்.

பத்து ஐந்துக்கு என் தங்கம் வாயைத் திறந்தாள். வீடு இரண்டானது. தூக்கினேன், ஆட்டினேன், சாவிக்கொத்தைக் கையில் கொடுத்தேன். சாவிக்கொத்து பறந்தது.

“என்னங்க அது?” என்றார் மேனேஜர் திரையில். “மூணு வாரமா உங்க பக்கம் அவ்வளவு அமைதியா இருந்துதே!”

“அமைதியா? மிக்ஸி சத்தம்... கேட்கலையா சார்?”

“மிஷின் சத்தத்தை எல்லாம் கம்ப்யூட்டரே வடிகட்டிடும். அழுகையை வடிகட்ட அதுக்குத் தெரியாது. ஒரு நிமிஷம் தரேன். அடங்கலைன்னா ஊருக்கு டிக்கெட் போட்டுடுங்க.”

எனக்கும் அழுகை முட்டியது. இரண்டு பேருக்கும் சேர்த்து யார் தாலாட்டுவது?

அப்போதுதான் கீழேயிருந்து கேட்டது.

‘டுர்ர்ர்... டுர்ர்ர்ர்ர்... பாம் பாம்!’

மிக்ஸி இல்லை. மனுஷக் குரல்!

குழந்தை அழுகையைப் பாதியில் நிறுத்திக் காது கொடுத்தாள். இரண்டாவது கியரில் சிரித்தாள். மூன்றாவதில் கொட்டாவி. மேடு ஏறி டாப் கியர் விழுந்தபோது என் தோளிலேயே சொக்கிப்போனாள்.

“குட். கன்டினியூ பண்ணலாம்,” என்று மேனேஜர் அரைத்த மாவை அரைக்க ஆரம்பித்தார்.

மீட்டிங் முடிந்ததும் குழந்தையோடு கீழே பறந்தேன். கதவு திறந்தே கிடந்தது. மாமா ஜன்னலில் தலையை நீட்டி, என் வீட்டை அண்ணாந்து பார்த்தபடி, முகமெல்லாம் வியர்க்க இன்னும் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தார். மேஜை மேல் மிக்ஸி. கருகல் வாசனை. ஜாரில் ஒட்டிய ஸ்டிக்கர்கூடப் பிரிக்கவில்லை. உள்ளே ஒன்றுமே இல்லை.

“மோட்டார் எரிஞ்சு போச்சும்மா. அதான் வண்டி லேட்டு, மன்னிச்சுக்க,” என்றார். தொண்டை கட்டியிருந்தது. “முப்பது வருஷம் பஸ் ஓட்டினவன் நான். இஞ்சின் உறுமினா தூங்காத குழந்தை கிடையாது. வண்டி நின்னாத்தான் முழிச்சுக்கும்.”

“மாமா... என் லெட்டர்...”

சுவரைக் காட்டினார். கடிகாரத்துக்குக் கீழே என் கடிதம். நாலு மூலையிலும் டேப்.

“நமக்கு இங்கிலீஷ் அவ்வளவா வராது. மூணே வார்த்தைதான் புரிஞ்சுது,” என்றார் கூச்சத்தோடு. “மிக்ஸி. பேபி. கடைசியில, தேங்க்கிங் யூ. என் சர்வீஸ்ல ஒரு பாசஞ்சர்கூட இப்படி எழுதிக் கொடுத்ததில்லம்மா!”