குப்புறக் கிடந்தவர்

கண்ணாடிக் கதவுக்கு அப்பால் ஏகாம்பரம் வெண்டிலேட்டர் குழாயோடு குப்புறக் கிடப்பதைக் கண்டதும் தேசம்மாவுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

"இன்னா டாக்டரே, ஏரியில ஒதுங்கின பொணமாட்டம் கவுத்துப் போட்டுக்கீறீங்க? அந்தாளு உசிரோட எழுந்து வரணும்!"

"நிமோனியா முத்தி நுரையீரல் முழுக்க நீர் கோத்துக்கிச்சும்மா. குப்புறப் படுக்கவெச்சாத்தான் முதுகுப் பக்கம் காத்து போகும்," என்றார் டாக்டர்.

மூச்சுத் திணறிய ஏகாம்பரத்தைப் பழவேற்காட்டிலிருந்து ஆட்டோவில் அள்ளிப்போட்டு வந்தவள் அவள்தான். ஊரிலிருந்து வேறு யாரும் எட்டிப் பார்க்கவில்லை. ஒன்பது நாளும் அவள் வாசலைவிட்டு நகரவில்லை. நர்ஸ் வரச் சற்றுத் தாமதமானாலும் சண்டைக்குப் போனாள்.

பத்தாம் நாள் குழாயை எடுத்தார்கள்.

"பொழைச்சுட்டாரும்மா. உன்னை மாதிரி பொண்டாட்டி வாய்க்க அவர் கொடுத்துவெச்சிருக்கணும்," என்று டாக்டர் சிரித்தார்.

"பொண்டாட்டியா?" தேசம்மா பல்லைக் கடித்தாள். "என் வூட்டுக்காரரு இவன் எறால் பண்ணையைச் சுத்திப் போட்ட கரண்டு கம்பியில கருகிப் போனாரு. இவன் செத்தா கேசை மூடிடுவாங்கன்னு வக்கீல் சொன்னாரு. நல்லா மூச்சு வுடட்டும் சார். அடுத்த மாசம் கூண்டுல ஏறி நின்னு எனக்குப் பதில் சொல்லணும்."