நல்ல ரத்தம்

“காலை ஆறே முக்காலுக்கு ஒரு போன், ஏழு மணிக்கு இன்னொரு போன். மெஷின் அப்படி என்னக்கா பண்ணிச்சு?” மெக்கானிக் பையை லேப் மேசையில் வைத்தான்.

“ரெண்டு தடவையா பண்ணினேன்?”

“முதல்ல பேசினதே மறந்துபோச்சா? மெஷினுக்கு முன்னாடி உங்களைத்தான் கழட்டிப் பார்க்கணும் போல.”

டெக்னீஷியன் சிரிக்கவில்லை. ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தாள்.

“கிண்டலை அப்புறம் வெச்சுக்கோ தம்பி. ரத்தத்துல கால்சியம் எல்லாருக்கும் கூடுதலா காட்டுது. நேத்து ஒரு தையல்காரருக்குப் பதினொன்னே முக்கால். பத்தரையைத் தாண்டவே கூடாது. இதை நம்பி அவர் கழுத்துல கத்தி வைக்கப் போறாங்க.”

“நிஜமாவே அவருக்குக் கூடுதலா இருக்கலாமே?”

“அதுக்குத்தான் நல்ல ரத்தம் ஒண்ணு ஓட்டிப் பார்த்தேன். சர்க்கரைக்கு, உப்புக்கெல்லாம் அதை வெச்சுத்தான் மெஷினைச் சரிபார்ப்பேன். ஒரு நாளும் தப்பினதில்லை. கால்சியத்துக்கு இன்னிக்குத்தான் முதல் தடவை. அதுக்கும் பதினொன்னரை!”

“ரெண்டு பேர் எல்லாரும் ஆயிட்டாங்களா?”

மெக்கானிக் மூடியைத் திறந்தான். குழாயைக் கழுவினான். கம்பெனி கொடுத்த திரவத்தை ஊற்றினான். அதில் எவ்வளவு கால்சியம் என்று புட்டியிலேயே அச்சிட்டிருந்தது. மெஷின் அதே எண்ணைக் காட்டியது. மறுபடி ஊற்றினான். அதே எண்.

“சுத்தத் தங்கம்க்கா.”

“திரவம் கெட்டுப்போயிருக்கும்.”

“இப்பத்தானே சீல் உடைச்சேன்?”

“அப்போ நீதான் ஒழுங்கா பார்க்கலை!”

குரல் சுவரில் மோதித் திரும்பியது. அவளுக்கே கூச்சமாக இருந்தது.

“கோச்சுக்காதப்பா. இப்பெல்லாம் தொட்டதுக்கெல்லாம் எரிச்சல் வருது.”

டாக்டர் ஒரு தாளோடு உள்ளே வந்தார்.

“வெளி லேப்லயும் தையல்காரருக்கு அதே அளவுதான்மா. கால்சியம் ஏறினா, கழுத்துச் சுரப்பியில ஊறுற பாராதைராய்டு ஹார்மோன் இறங்கணும். அவருக்கு அதுவும் சேர்ந்து ஏறியிருக்கு. உன் மெஷின் மேல குத்தமே இல்லை.”

“ஒரு சுரப்பிக்காகக் கழுத்தை அறுக்கணுமா டாக்டர்?”

“அரிசியத்தனை சுரப்பிதான். ஆனா அடங்காம எலும்புலேர்ந்து கால்சியத்தை உருவி ரத்தத்துல கொட்டுது. விட்டா எலும்பு உளுத்துப்போகும், கிட்னியில கல் சேரும். வெளியில தெரியறது வெறும் அசதி, மறதி, சிடுசிடுப்பு. ரெண்டு வருஷமா வீட்டுல சோம்பேறின்னு பேர் வாங்கியிருக்கார், பாவம். எடுத்துட்டா பெரும்பாலும் தேறிடுவார்.”

மெக்கானிக் கடைசித் திருகாணியை முடுக்கினான்.

“அப்போ அந்த இன்னொண்ணு? அது நல்ல ரத்தம்னு யாருக்கா சொன்னா?”

டாக்டர் நிமிர்ந்தார். “எந்த ரத்தம்? யாரோடது?”

டெக்னீஷியன் கோட்டுக் கையை மெதுவாக மேலே சுருட்டினாள். முழங்கை மடிப்பில் ஒரு துண்டுப் பஞ்சு ஒட்டியிருந்தது. நடுவில் பழுப்பாக ஒரு புள்ளி.

“அப்போ நான் சோம்பேறி இல்லையா டாக்டர்?”