முழங்காலில் மண்

"நீ இப்படிச் செய்வேன்னு நான் கனவிலும் நினைக்கலை, பல்லு."

தலைவர் சொன்னதும் கொட்டகையில் இருந்த எல்லாரும் பல் டாக்டரைப் பார்த்தார்கள். பல் டாக்டர் தன் காப்பியைப் பார்த்தார்.

வெளியே, தரையோடு தரையாகப் பதுங்கியிருந்த ஸ்போர்ட்ஸ் கார்களுக்கு நடுவில் ஒரு புத்தம் புதிய எஸ்.யூ.வி. நின்றது. மூக்கில் அதே கம்பெனியின் சின்னம். குழந்தைகள் விளையாட்டுக்கு நடுவே வழி தவறி வந்துவிட்ட பெரியவர் போல, அதுவும் ஒரு கூச்சத்தோடுதான் நின்றது.

அந்தக் கம்பெனியின் ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்களின் சங்கம் அது. ஞாயிறு காலையில் கூடுவார்கள். ஒருவர் காரை மற்றவர் மெச்சுவார். காப்பி முடிந்ததும் கலைவார்கள்.

கம்பெனி எஸ்.யூ.வி. செய்யப்போகிறது என்று தெரிந்த அன்றே தீர்மானம் போட்டாகிவிட்டது: அதை வாங்குகிறவருக்கு இங்கே இடமில்லை. தீர்மானம் தலைவருடையது. அதை முதலில் மீறியவர், தலைவரோடு சேர்ந்து சங்கத்தைத் தொடங்கிய பல் டாக்டர்.

"பீரோவுக்குச் சக்கரம் வச்சா அது நம்ம வண்டி ஆயிடுமா?" என்றார் காண்ட்ராக்டர்.

சிரிப்பு. பல் டாக்டரும் சிரித்துவிட்டார்.

வக்கீல் மட்டும் மெல்ல இழுத்தார். "கம்பெனியையும் கொஞ்சம் நினைச்சுப் பாருங்க. நம்மள மாதிரி பைத்தியங்க ஊருக்கு எத்தனை பேர்? இந்த பீரோ வித்தாத்தான் அடுத்த சின்ன வண்டி பிறக்கும்."

"அதுக்குக் கடையை மூடிட்டுப் போகலாம்," என்றார் தலைவர். "நம்ம வண்டி, ரோட்டுல காதை வச்சுக் கேட்டுக்கிட்டே போற வண்டி. மாடியில உக்காந்து எட்டிப் பாக்கறவனுக்கு ரோடு என்ன பேசுதுன்னு தெரியுமா?"

கை தட்டினார்கள். தட்டத் தோன்றும் குரல் அவருக்கு.

தலைவர் ஓய்வுபெற்ற விமானி. எழுபதைத் தாண்டியவர். கார் மேல் அவருக்கு இருந்த பக்தி வேறு யாருக்கும் இல்லை என்று பேச்சு. கூட்டத்துக்கு எல்லாருக்கும் முன்னால் வந்துவிடுவார். கொட்டகையைப் பூட்ட வேண்டும் என்று எல்லாரும் போன பிறகே கிளம்புவார். அவர் பேண்ட்டின் முழங்காலில் எப்போதும் மண் ஒட்டியிருக்கும்.

"இந்த வயசிலயும் வண்டிக்கு அடியில குனிஞ்சு பாக்கறார். நாம இருக்கோமே!" என்று மற்றவர்கள் வெட்கப்படுவார்கள்.

"சரி, காரணத்தையாவது சொல்லு," என்றார் தலைவர்.

"முதுகு வலி, தலைவரே. தாழ்வான வண்டியில ஏறி இறங்க முடியலை."

தலைவர் முகத்தில் ஏதோ ஒன்று ஒரு கணம் அசைந்தது. பிறகு குரல் முன்னைவிட உயர்ந்தது.

"வலிச்சா மாத்திரையை மாத்து. வண்டியையா மாத்துவாங்க? இவரை நீக்கணும்கிறவங்க கையைத் தூக்குங்க."

தூக்கினார்கள். கடைசியாக, வேறெங்கோ பார்த்துக்கொண்டு, வக்கீலும்.

பல் டாக்டர் சங்கத்தின் தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"காப்பியை முடிச்சிட்டுப் போகலாமா?"

"குடி," என்றார் தலைவர், அவர் முகத்தைப் பார்க்காமல்.

ஒவ்வொரு காராக உறுமிக்கொண்டு போனது. எஸ்.யூ.வி. அதிகம் சத்தமில்லாமல் போனது. தெருமுனை வரைக்கும் போய்த் திரும்பி வந்தது.

"மூக்குக்கண்ணாடியை மறந்துட்டேன்," என்று சொல்லிக்கொண்டே இறங்கினார் பல் டாக்டர். கண்ணாடி அவர் மூக்கில்தான் இருந்தது.

தலைவர் தன் காரின் திறந்த கதவருகே மண்டியிட்டிருந்தார். ஒரு கை இருக்கையில். ஒரு கை மண்ணில். உள்ளே ஏறவும் முடியாமல், எழுந்து நிற்கவும் முடியாமல் பாதியில் நின்றுபோயிருந்தார்.

"அடியில எண்ணெய் கசியுதான்னு..."



பல் டாக்டர் அவர் அக்குளில் கை கொடுத்துத் தூக்கி நிறுத்தினார். முழங்கால் மண்ணைத் தட்டிவிட்டார். எஸ்.யூ.வி.யின் ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார்.

இருக்கை தலைவரின் இடுப்புக்கு நேராக இருந்தது. உட்கார்ந்தார். உட்காருவது இவ்வளவு சுலபம் என்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது.

ஸ்டியரிங்கின் மேல் இரண்டு கைகளையும் வைத்துப் பார்த்தார்.

"எப்பத்திலிருந்து தெரியும்?"

"போன மழைக்காலத்துல ஒருநாள் சீக்கிரம் வந்துட்டேன். நீங்க கைய ஊனி, தவழ்ந்து இறங்கிட்டிருந்தீங்க. அப்படியே திரும்பிப் போயிட்டு, எல்லாரும் வந்த பிறகு வந்தேன்."

"உன் முதுகு?"

"அதுக்கென்ன, நல்லாத்தான் இருக்கு."

தலைவர் திடுக்கிட்டு நிமிர்ந்தார். "அப்புறம் ஏண்டா உன் சின்ன வண்டியைக் கொடுத்துட்டு இதை வாங்கினே? அது உனக்கு உசிராச்சே!"

"நீங்க வண்டி ஓட்டறதையே விட்டாலும் விடுவீங்களே தவிர, முதல் ஆளா இதை வாங்க மாட்டீங்க. ரெண்டாவது ஆளைத் திட்டறதுல யாருக்கும் அவ்வளவு ருசி இருக்காது, தலைவரே."