திறக்காதீர்கள்

"மூணாவது தடவையா கூப்பிடறான். இன்னைக்கு இவனை விடப்போறதில்லை" என்று போனை ஸ்பீக்கரில் போட்டு மேஜையில் வைத்தார் அவர். முப்பது வருஷம் ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர். பொய் சொல்கிறவனைக் குரலிலேயே பிடித்துவிடுவார் என்று பேர் வாங்கியவர்.

அப்படிப்பட்டவரையே போன வருஷம் ஒரு பார்சல் போன் கவிழ்த்துவிட்டது. சுங்கக் கட்டணம், அது இது என்று சொல்லி, மனைவியின் கண்ணெதிரிலேயே சேமிப்பை வழித்துக்கொண்டு போனான் ஒருவன். இன்னொரு முறை அவள் முன்னால் முட்டாளாக நிற்கக் கூடாது என்று கங்கணம் கட்டிக்கொண்டிருந்தார் மனுஷர்.

அதிலிருந்து, யாரோ அனுப்பிய ஓர் எச்சரிக்கை மின்னஞ்சல்தான் அவருக்கு வேதவாக்கு. ‘மிக அவசரம் என்று வரும் எந்த மெயிலையும் திறக்காதீர்கள். திறந்த நொடியே கணக்கு காலி. பத்துப் பேருக்கு அனுப்புங்கள்.’ இவர் நாற்பது பேருக்கு அனுப்பினார். இந்த மாதம் வங்கி, மின்சார ஆபீஸ், மகன் வேலை பார்க்கும் கப்பல் கம்பெனி என்று விதவிதமான பெயரில் வந்த எட்டு ‘மிக அவசர’ங்களைத் திறக்காமலே அழித்திருந்தார்.

மனைவிக்கு அதிலெல்லாம் புத்தி போகவில்லை. மகன் பேசி ஒன்றரை மாதம் ஆகிறது. நடுக்கடலில் சிக்னல் கிடைக்காது என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு, தினமும் ராத்திரி தலையணைக்கு அடியில் போனை வைத்துப் படுத்து வந்தாள்.

"சார், ஏர்போர்ட் சரக்கு ஆபீஸ்லேர்ந்து பேசறேன். உங்க பையன் பேர்ல ஒரு பெட்டி வந்திருக்கு. இன்னைக்கே எடுத்துடுங்க, இதுக்கு மேல வச்சிருக்க முடியாது."

"பாத்தியா, அவசரப்படுத்தறான்!" மனைவியைப் பார்த்துக் கண்ணடித்தார். "சரி ராஜா, எவ்வளவு கட்டணும்?"

"ஒண்ணும் கட்ட வேணாம் சார். நேர்ல வந்து கையெழுத்துப் போட்டா போதும்."

அவர் கொஞ்சம் தடுமாறித்தான் போனார். காசு கேட்காத திருடனை அவர் பார்த்ததில்லை. "எடை எவ்வளவு?"

"நூத்திப் பத்து கிலோ சார்."

"அப்பனுக்கு பீரோ வாங்கி அனுப்பியிருக்கானாக்கும்!" வாய்விட்டுச் சிரித்தார். "உள்ள என்ன இருக்கு, அதைச் சொல்லு பாப்போம்."

"போன்ல வேணாம் சார். கூட யாரையாவது கூட்டிக்கிட்டு வாங்க."

"சொல்ல மாட்டே! உள்ள ஏதாவது இருந்தாத்தானே சொல்லுவே! யார்கிட்ட காது குத்தறே?"

மனைவிக்குப் பொறுக்கவில்லை. போனைப் பிடுங்கிக்கொண்டாள்.

"தம்பி, அவர் கிடக்கறார், நீ என்கிட்ட சொல்லு. என் பிள்ளை குரலைக் கேட்டு ஒன்றரை மாசமாச்சு. அம்மாவுக்கு என்னப்பா அனுப்பியிருக்கான்?"



"அம்மா... கம்பெனியிலேர்ந்து உங்களுக்கு மெயில் எழுதினாங்களே, நீங்க பாக்கலையா?"

"எதைப்பா?"

"அவர் எதுவும் அனுப்பலைம்மா. வந்திருக்கறதே அவர்தான்."