கடிபட்ட நிழல்

மேசையில் ஆப்பிளை வைத்து வரைய உட்கார்ந்தால் அப்பா முதலில் நிழலைத்தான் தீட்டுவார். வெயில் நகர்ந்தால் நிழலும் நகர்ந்துவிடும் என்பது பாதிக் காரணம். படம் முடிவதற்குள் அம்மா வந்து பழத்தைக் கடித்துவிடுவாள் என்பது மீதி. "வரையற பழத்துல வாய் வைக்காதேன்னு எத்தனை தடவை சொல்றது!" என்று அவர் கத்துவதைக் கேட்டே மகள் வளர்ந்தாள்.

அம்மா இறந்துபோன பிறகு இன்றுதான் அப்பா மறுபடி தூரிகையைத் தொட்டார். மகள் தேநீரோடு வந்து எட்டிப் பார்த்தாள்.

"என்னப்பா, பழம் முழுசா இருக்கு, நிழலை மட்டும் கடிச்ச மாதிரி போட்டிருக்கீங்க?"

"இருக்கறதைத்தாம்மா போடறேன்."

அவள் குனிந்து பார்த்தாள். வெள்ளை விரிப்பில் கிடந்த நிழலில் ஒரு கடி இருந்தது. அம்மாவின் முன்பற்களின் இடைவெளியால் கடியில் மிஞ்சும் சின்ன மேடுகூட அதன் நடுவில் இருந்தது. ஆப்பிளைத் திருப்பி வைத்தாள். கடி அங்கேயே இருந்தது.

தேநீர் டம்ளரை அப்பாவிடம் நீட்டினாள். அப்பா அதை வாங்கிக் கீழே வைத்தார். அதற்குள் நிழலில் இரண்டாவது கடி விழுந்திருந்தது.

அப்பா கத்தவில்லை. கூடையிலிருந்து இன்னொரு ஆப்பிளை எடுத்து, ஜன்னல் வெளிச்சம் படும்படி பக்கத்தில் வைத்தார்.

"மெதுவா சாப்பிடு," என்றார். "எனக்கு ஒண்ணும் அவசரமில்ல."